படகு ஒழுகுதா? முதல்ல அந்த சிமெண்ட் மூட்டையை இறக்கி வைங்க

முன்னாடியே சொல்லிடறேன் மக்களே, இது கொஞ்சம் காரமான பதிவு. மரப்படகுல தண்ணி கசிஞ்சா தாரை ஊத்து, எம்-சீல் அப்பு, மேல ஃபைபர் அடி, எதுவும் வேலைக்காகலைன்னா அடியில ஒரு சட்டி சிமெண்ட்டைக் கொட்டுன்னு சொல்ற கோஷ்டிக்கு எதிரா எழுதறது. அந்தக் கோஷ்டியில படிக்காதவங்க கம்மி. பெரும்பாலும் நம்மளை மாதிரி டிகிரி முடிச்ச ஆசாமிங்கதான்.

மேட்டர் இதுதான். கடலூர்ல இருக்கற நண்பர் ஒருத்தர் ஆசைக்கு ஒரு பலகைப் படகு தானே கட்டி, பாய் மாட்டி, உப்பனாத்துல இறக்கினார். அரைமணி நேரத்துல உள்ள கணுக்கால் தண்ணி. வேடிக்கை பார்க்க வந்த ஒவ்வொருத்தரும் ஆளுக்கொரு வைத்தியம். கடைசில எனக்குப் போன் போட்டு, "நீ ரெட்டிபாளையத்துக்காரன்தானேய்யா, உங்க ஊர்ல சிமெண்ட் சல்லிசா கிடைக்குமே, ரெண்டு மூட்டை அனுப்பிவையேன்"ங்கறார். வந்துச்சே கோவம்!

ரெட்டிபாளையத்துல உட்கார்ந்துக்கிட்டு படகைப் பத்தி உனக்கென்ன பேச்சுன்னு கேப்பீங்க. எங்க அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துல போய்ப் பாருங்க. கல்லு பூரா சிப்பி. சுமார் ஏழு கோடி வருஷத்துக்கு முன்னாடி இது கடலடி. நான் கொஞ்சம் லேட்டாப் பொறந்துட்டேன், அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். புதுசா கட்டின பலகைப் படகு தண்ணியில இறங்கின உடனே கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும். அது நோய் இல்லை. மரம் தண்ணியைக் குடிச்சா உப்பும். நீளவாக்குல அநேகமா ஒண்ணும் ஆகாது, அகலவாக்குல நல்லாவே உப்பும். பக்கத்துப் பக்கத்துப் பலகைங்க உப்பி ஒண்ணையொண்ணு நெருக்கும்போது நடுவுல இருக்கற இடுக்கு தானா மூடிக்கும். கரையில மாசக்கணக்கா வெயில்ல காய்ஞ்ச படகு, இறக்கின அன்னிக்கு ஒழுகி ரெண்டு மூணு நாள்ல நின்னு போறது இதனாலதான். இறக்கறதுக்கு முன்னாடி ஈரச் சாக்கைப் போட்டு ஊற வைக்கறதும் இதுக்குத்தான். அந்த ரெண்டு நாள் பொறுமை இல்லாம அரைமணி நேரத்துல சிமெண்ட்டுக்குப் போன் போட்டா எப்படி?

இங்கதான் முக்கியமான பாயிண்ட். பலகை தினம் தினம் உப்பும், சுருங்கும். அதனால இடுக்குல வைக்கற பொருள் அமுங்கிக் கொடுக்கணும். நம்ம ஆளுங்க அதுக்குப் பஞ்சைக் கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க. அந்த வேலைக்குப் பேரே உண்டு, கலப்பத்து. சிலர் கலப்பற்றுன்னும் சொல்வாங்க. போர்த்துகீசியத்துல கலஃபெட்டார், துருக்கியில கலஃபாத். கப்பல் போன ஊருக்கெல்லாம் கூடவே போன வார்த்தை. இன்னிக்கு எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரிஞ்ச சிவில் இஞ்சினியர் ஒருத்தர் கலப்படமான்னு கேட்டார்.

செய்முறை கேக்க எளிசு, செய்யத்தான் கை வேணும். ரெண்டு பலகை சேருற இடத்துல இடுக்கு உள்பக்கம் இறுக்கமாவும், வெளிப்பக்கம் கொஞ்சம் வாய் திறந்தும் இருக்கணும். பஞ்சைத் திரியாத் திரிச்சு, கூர் இல்லாத மொக்கை உளியை வச்சு (நம்ம பதிவு மொக்கை இல்லீங்க, நிஜமாவே முனை மழுங்கின உளி) கொட்டாப்புளியால தட்டித் தட்டி உள்ள ஏத்தணும். அதுக்கு மேல குங்கிலியத்தை எண்ணெயில காய்ச்சிப் பூசணும். பஞ்சு கம்மியானா ஒழுகும். ஜாஸ்தியானா அதைவிட மோசம். பலகை உப்பும்போது போக இடம் இல்லாம, வங்குல (அதாங்க, படகோட விலா எலும்பு) இருந்தே ஆணியைப் பிடுங்கிக்கிட்டு வெளிய வந்துரும். எவ்வளவு அடிக்கணும்னு கொட்டாப்புளி எழுப்புற சத்தத்துல கண்டுபிடிப்பாங்க பழைய ஆளுங்க. அதுக்கு எந்த யூட்யூப்பும் உதவாது.

இப்ப எம்-சீல் கோஷ்டிக்கு வருவோம். குழாய்க்கு அது அருமையான சாமான், நானே வீட்ல வச்சிருக்கேன். ஆனா பலகை இடுக்குல போட்டா கல்லு மாதிரி இறுகிடும். படகு காய்ஞ்சு பலகை சுருங்கும்போது ஒரு ஓரத்துல விட்டுப்போகும், அது வழியா ஒழுகும். நனைஞ்சு உப்பும்போது அது அமுங்காது, அதனால மரத்தோட விளிம்பு நசுங்கும். அடுத்த தடவை காய்ஞ்சா முன்னைவிடப் பெரிய இடுக்கு. மறுபடி எம்-சீல். இதுக்குப் பேரு ரிப்பேரா?

சிமெண்ட் இதுக்கெல்லாம் அப்பன். கப்பல்ல ஓட்டை விழுந்தா சுத்திப் பெட்டி அடிச்சு சிமெண்ட் ஊத்தறது உண்மைதான். ஆனா அது துறைமுகம் போய்ச் சேர்ற வரைக்கும் போடற கட்டு. அதையே நிரந்தரமா விட்டா சிமெண்ட்டுக்கும் மரத்துக்கும் நடுவுல முடி அளவு சந்து விழும், தண்ணி அங்க போய் உட்கார்ந்துக்கும். ஏரா கட்டைன்னு சொல்ற அடிமரம் உள்ளுக்குள்ளயே ஊறி உளுத்துப் போகும், ஆணி துருப்பிடிக்கும். மேலேருந்து பார்த்தா வழவழன்னு தரை. ஒரு நாள் நடுத்தண்ணியில அடியே கழண்டுக்கும். நீச்சல் தெரியாதவன் உள்ள இருந்தா? சிமெண்ட் ஊருக்காரனே சொல்றேன், நம்புங்க.

வேடிக்கை என்னன்னா அதே கல்லுலேருந்து வர்ற சுண்ணாம்பு படகுக்கு ரொம்ப நல்லது. சுண்ணாம்பையும் நறுக்கின சணலையும் மர எண்ணெயில இடிச்சுக் கப்பலுக்குப் பூசறதைப் பத்தி மார்க்கோ போலோவே 13-ம் நூற்றாண்டுல எழுதி வச்சிருக்கார். எண்ணெயோட சேர்ந்த சுண்ணாம்பு சிமெண்ட் மாதிரி முறைச்சுக்கிட்டு நிக்காது, மரத்தோட கொஞ்சம் அசைஞ்சு கொடுக்கும். கல்லு ஒண்ணுதான், குணம் வேற.

ஃபைபர் அடிக்கற கதையும் இதேதான். முழுக்க ஃபைபர்ல வார்த்த படகு வேற சமாச்சாரம். 2004 சுனாமிக்கு அப்புறம் நிவாரணமா நம்ம கரை பூரா அதுதான் வந்து இறங்குச்சு, மீனவங்க பிழைப்பும் அதுல ஓடுது, அதுல எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை, அசையற பழைய பலகைக்கு மேல அசையாத ஃபைபர் சட்டை மாட்டறதோட. தேக்கு மாதிரி எண்ணெய்ப் பசை உள்ள மரத்துல பிசின் சரியாப் பிடிக்காது. ஒரு ஓரம் விட்டா போதும், தண்ணி உள்ள போகும், வெளிய வராது. மரப்படகை உயிரோட பொதைக்கற வழி இது.

"பழசு பழசுன்னு சொல்றியே, பழைய படகு ஒழுகலையா?" ஒழுகுச்சு சாமி. மெட்ராஸ்ல துறைமுகம் வர்றதுக்கு முன்னாடி கப்பல்லேருந்து ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டு வந்த மசூலா படகுல இரும்பு ஆணியே கிடையாது. பலகையைக் கயித்தால தைச்சு, தையலுக்கு அடியில வைக்கோல் திணிச்சிருப்பாங்க. அலை அடிச்சா வளையும், ஒடையாது. உள்ள வர்ற தண்ணியை இறைச்சுக்கிட்டே போவாங்க. ஆணி அடிச்ச வெள்ளைக்காரன் படகு அதே அலையில சிதறிப் போச்சு. கட்டுமரம் இன்னும் ஒரு படி மேல. உள்பக்கம்னு ஒண்ணு இருந்தாத்தானே ஒழுகறதுக்கு!

ரொம்பத் தூரம் போகும்னு நிரூபிச்சவங்களும் நம்ம ஆளுங்கதான். வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணி, 89 அடி பாய்மரக் கப்பல், ராபின்சன்னு ஒரு அமெரிக்கர் வாங்கி, அந்த ஊர் மாலுமிங்களோட கிளம்பி 1938-ல் மாசசூசெட்ஸ் குளோசெஸ்டர் போய்ச் சேர்ந்துச்சு. எபாக்ஸி கடைக்கு வராத காலம் அது.

நண்பருக்கு நான் சொன்ன வைத்தியம் இதுதான்: ஊறவிட்டும் நிக்கலைன்னா கரையேத்தி, உள்ள நாலு விரக்கடை தண்ணி மட்டும் ஊத்துங்க, ஜாஸ்தி ஊத்தினா கனத்துல பலகை பிரியும். வெளியே எங்க சொட்டுதோ அங்க சாக்பீஸால குறி போடுங்க. ஆணி ஓட்டையா, இடுக்கான்னு பாருங்க. ஆணியைச் சுத்தி மரம் கறுத்து மெத்துன்னு இருந்தா பஞ்சு அடிச்சுப் பிரயோஜனம் இல்லை, பலகையையே மாத்தணும். அடைக்கறது எப்பவும் வெளிப்பக்கத்துலேருந்துதான். உள்பக்கம் அடைச்சா தண்ணியே அதைத் தள்ளி விட்டுரும். அப்புறம் மழைத்தண்ணியை உள்ள நிக்க விடாதீங்க. உப்புத்தண்ணியைவிட நல்லதண்ணியிலதான் மரம் சீக்கிரம் உளுக்கும்.

டிஸ்கி: பலகைக்குப் பதில் பிளைவுட்ல கட்டி எபாக்ஸி பூசறவங்க சண்டைக்கு வர வேண்டாம், பிளைவுட் அந்தளவு அசையாது, உங்க ரூட்டு சரி. ஆனா கடைக்காரர் 'வாட்டர்ப்ரூஃப்'னு சொன்னதை நம்பாம ஐ.எஸ். 710 முத்திரை இருக்கான்னு பாருங்க. 303 போட்டது சமையல்கட்டு அலமாரிக்கு.

டிஸ்கி 2: கடலூர், நாகை, தூத்துக்குடி பக்கத்துப் பதிவர்களே, உங்க ஊர்ல கலப்பத்து அடிக்கற பெரியவரோ, படகு கட்டற ஓடாவியோ இன்னும் இருந்தா, அடுத்த லீவுக்குப் போய் அவர் கையையும் அந்தச் சத்தத்தையும் செல்போன்ல பிடிச்சுப் போடுங்க. அவரோட நாள் கூலியைக் கையில கொடுத்துட்டு எடுங்க, ஓசியில வேணாம்.