சாட்சிக் கூண்டும் துப்பாக்கியும்

2024 அக்டோபர் 10 அன்று வெளியான ‘வேட்டையன்’ படத்தில் ரஜினிகாந்த் ஏற்ற வேடம் கன்னியாகுமரி மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அதியன். என்கவுன்டருக்குப் பேர்போன அதிகாரி. அதே மாவட்டத்து அரசுப் பள்ளியில் வேலை பார்க்கும் சரண்யா டீச்சர், பள்ளிக்கூடத்துக்குள் கஞ்சா புழங்குவதைத் தைரியமாகக் காட்டிக்கொடுக்கிறார். பிறகு சென்னைக்குப் போன இடத்தில் கொடூரமாகக் கொல்லப்படுகிறார். நாடு கொதிக்கிறது. குற்றவாளி என்று போலீஸ் கைகாட்டிய குணா என்ற ஏழைப் பையனை அதியன் சுட்டுக் கொல்கிறார். ஊரே கொண்டாடுகிறது. அமிதாப் பச்சன் நடித்த நீதிபதி சத்யதேவ் விசாரணையைத் தொடங்கிய பிறகுதான், செத்தவன் நிரபராதி என்று தெரியவருகிறது.

படத்தின் இயக்குநர் த.செ. ஞானவேல், லாக்கப் மரணத்தைப் பற்றி ‘ஜெய் பீம்’ எடுத்தவர். ‘வேட்டையன்’ அவ்வளவு தெளிவான படம் இல்லை. முதல் பாதியில் எந்தத் துப்பாக்கிக்குக் கைதட்ட வைக்கிறதோ, அதே துப்பாக்கியை இரண்டாம் பாதியில் குற்றம் சாட்டுகிறது. ஆனாலும் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்கிறது. கைதட்டிய ரசிகர், தான் எதற்குக் கைதட்டினோம் என்று திரும்பிப் பார்க்கும்படி ஆகிறது.

மற்ற பழிவாங்கும் படங்களில் அதற்கு வழியே இல்லை. குற்றம் நடப்பதைக் கேமரா நமக்கு நேராகக் காட்டிவிடுகிறது. எவன் செய்தான், எப்படிச் செய்தான், செய்யும்போது எப்படிச் சிரித்தான் என்பதெல்லாம் பார்வையாளருக்குத் தெரியும். அதனால் நாயகன் அரிவாளை எடுக்கும்போது சந்தேகத்துக்கு இடமில்லை. ‘அந்நியன்’ முதல் இன்றைய படங்கள் வரை இதுதான் நடைமுறை. நிஜத்தில் அப்படி ஒரு கேமரா எந்தக் காவல் நிலையத்துக்கும் கிடைப்பதில்லை. அங்கே இருப்பது சந்தேகம், வாக்குமூலம், மேலிடத்து அவசரம், டிவி விவாதம்.

2017 செப்டம்பரில் குருகிராமில் ஏழு வயதுச் சிறுவன் பள்ளிக் கழிப்பறையில் கழுத்தறுபட்டுக் கிடந்தான். அன்றைக்கே பள்ளிப் பேருந்தின் நடத்துநரை உள்ளூர் போலீஸ் கைது செய்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என்றும் அறிவித்தது. தூக்கில் போடு என்று தொலைக்காட்சிகள் கத்தின. நவம்பரில் சி.பி.ஐ. கைது செய்ததோ அதே பள்ளியின் பதினோராம் வகுப்பு மாணவனை. நடத்துநருக்கு எதிராக எந்தச் சான்றும் இல்லை என்று அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நீதிமன்றம் அவரை வழக்கிலிருந்தே விடுவித்தது. கைதான வாரத்தில் ஒரு ‘தப்பியோட்ட முயற்சி’ நடந்திருந்தால் அந்த ஏழைத் தொழிலாளி இன்றுவரை குழந்தையைக் கொன்றவன்தான். அவர் பெண்டாட்டி பிள்ளைகளும் அந்தப் பெயரோடுதான் ஊரில் நடமாடியிருப்பார்கள்.

உடனடித் தீர்ப்பின் கேடு, கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டுக்குப் புதிதல்ல. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் கைமுக்கு என்றொரு வழக்கம் இருந்தது. ஒழுக்கக்கேடு சுமத்தப்பட்ட நம்பூதிரி, கொதிக்கிற நெய்யில் கையை விட வேண்டும். கை வெந்துபோனால் குற்றவாளி, வேகாவிட்டால் நிரபராதி. சாட்சி வேண்டாம், வாதம் வேண்டாம், வாய்தா வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் அதை நிறுத்தினார்கள். அதற்குப் பின் ஒரு நூற்றாண்டு கழித்து, 1944-ல், திருவிதாங்கூர் சமஸ்தானம் மரண தண்டனையையே ஒழித்தது. பிரிட்டிஷ் இந்தியா முழுக்கத் தூக்குமரம் நின்ற காலம் அது. நாஞ்சில் நாடு அன்று அந்தச் சமஸ்தானத்தில் இருந்தது. 1950-களின் தொடக்கத்தில் இந்தியத் தண்டனைச் சட்டம் இங்கே வந்தபோதுதான் தூக்குத் தண்டனையும் திரும்பி வந்தது.

பழிவாங்கும் கதைக்கும் இங்கே பஞ்சமில்லை. கள்ளியங்காட்டு நீலியை அறியாத நாஞ்சில் நாட்டார் உண்டா? முற்பிறவியில் ஆசைப்பட்டவனாலேயே கொல்லப்பட்ட பெண், மறுபிறவியில் அவனைத் துரத்துகிறாள். கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘இவர் என் புருஷன்’ என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அழுகிறாள். வணிகன் மறுக்கிறான், கெஞ்சுகிறான். அவன் உயிருக்கு ஏதாவது நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வேளாளர் எழுபது பேரும் வாக்குக் கொடுத்து, அவளோடு அனுப்பிவைக்கிறார்கள். விடிந்து பார்த்தால் வணிகன் பிணம். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

இந்தக் கதை நீலியின் வலியைக் குறைத்துச் சொல்வதில்லை. அவளுக்கு நடந்தது அநியாயம் என்பதில் வில்லுப்பாட்டுக்காரருக்கும் கேட்பவருக்கும் சந்தேகமில்லை. ஆனால் கண்ணீரைப் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொன்னவர்களையும் கதை சும்மா விடவில்லை. பிழையான தீர்ப்புக்குச் சொன்னவர்களே பொறுப்பேற்றார்கள். இன்றைய என்கவுன்டரில் அந்தப் பொறுப்பை ஏற்பவர் யார்?

ஹைதராபாத்தைப் பாருங்கள். 2019 நவம்பரில் ஓர் இளம் கால்நடை மருத்துவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி எரிக்கப்பட்டார். டிசம்பர் 6 விடியற்காலையில், கைதான நால்வரும் சட்டான்பள்ளியில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். போலீஸார் மேல் மக்கள் பூத் தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022-ல் வெளிவந்தது. கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுட்டார்கள், பத்துப் போலீஸார் மீது கொலை வழக்கு நடத்த வேண்டும், செத்தவர்களில் மூவர் சிறார்கள் என்றது ஆணையம். நால்வரில் யார் என்ன செய்தார், யார் பங்கு எவ்வளவு என்பதை இனி எந்த நீதிமன்றமும் விசாரித்துச் சொல்ல முடியாது. அந்தப் பெண்ணின் வழக்கும் அவர்களோடு புதைந்தது.

என்கவுன்டர் சாவு ஒவ்வொன்றையும் சுதந்திரமான குழு விசாரிக்க வேண்டும் என்றும், சுட்ட கையோடு அதிகாரிகளுக்குப் பதவி உயர்வோ வீர விருதோ தரக்கூடாது என்றும் 2014-லேயே உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகளை வகுத்திருந்தது.

இவ்வளவு தெரிந்தும் மக்கள் ஏன் கைதட்டுகிறார்கள்? அவர்களைக் கொலைவெறி பிடித்தவர்கள் என்று சொல்வது அநியாயம். நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தை ஒட்டிய சாயக்கடையில் ‘இவனையெல்லாம் சுட்டுத் தள்ளணும் மக்கா’ என்று ஒருவர் சொன்னால், அதற்குள் இருப்பது வருஷக்கணக்காக இழுக்கும் வழக்குகளைப் பார்த்த சலிப்பு. புகார் கொடுக்கப் போன பெண்ணையே குறுக்குக் கேள்வி கேட்டு அனுப்பும் காவல் நிலையம், ஜாமீனில் வந்து அதே தெருவில் நடக்கும் குற்றவாளி, பயந்து பல்டியடிக்கும் சாட்சி எல்லாம் அவருக்குத் தெரியும். அந்தக் கோபம் நியாயமானது. அது கேட்கும் மருந்துதான் தவறு.

அந்தக் கோபத்தை மிக ஆழமாகத் தொட்ட படம், 2024 ஜூனில் வந்த நித்திலன் சாமிநாதனின் ‘மகாராஜா’. விஜய் சேதுபதியின் ஐம்பதாவது படம். மகளுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பழிதீர்க்கும் ஒரு முடிதிருத்தும் தொழிலாளியின் கதை. உண்மை தெரிந்ததும் காவல் ஆய்வாளரே குற்றவாளி ஒருவனை அந்தத் தகப்பன் கைக்கு விட்டுக்கொடுக்கிறார். திரையரங்கு அதை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் படம் முடிந்த பிறகும் மனத்தில் நிற்பது அந்தக் கொலை அல்ல. தன் சிதைவுக்குக் காரணமானவனை நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்று மகள் ஜோதி கேட்கிறாள். தலைகுனியாமல் போய் அவன் முன்னால் நிற்கிறாள், பேசுகிறாள். படத்தின் உச்சம் அதுதான்.

ஜோதிக்குத் திரையில் கிடைத்த அந்த நிமிஷம் நிஜத்தில் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும் இடம் சாட்சிக் கூண்டு.

பொள்ளாச்சிப் பாலியல் கொடுமை 2019-ல் வெளிவந்தபோது தமிழ்நாடு முழுக்க என்கவுன்டர் கேட்டுக் குரல்கள் எழுந்தன. அப்படி நடந்திருந்தால் நாலு நாள் பட்டாசு வெடித்துவிட்டு எல்லாரும் மறந்திருப்போம். நடந்தது வேறு. பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்கள் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். ஒரு சாட்சிகூடப் பிறழவில்லை. 2025 மே 13 அன்று குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது கோவை மகளிர் நீதிமன்றம்.

நாகர்கோவிலுக்கே ஓர் உதாரணம் இருக்கிறது. சமூக வலைதளங்களில் பழகிப் பல பெண்களைச் சீரழித்து, படம் எடுத்து மிரட்டிய இளைஞனை, ஒரு பெண் துணிந்து கொடுத்த புகாரின் பேரில் 2020 ஏப்ரலில் கைது செய்தார்கள். 2023 ஜூனில் நாகர்கோவில் மகளிர் விரைவு நீதிமன்றம் அவனுக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. மூன்று வருஷம் அதிகம்தான். பொள்ளாச்சிக்கு ஆன ஆறு வருஷம் மிக அதிகம். ஆனால் அந்தத் தீர்ப்புகளில் பெண்கள் சொன்னது பதிவாகியிருக்கிறது, உண்மை என்று ஏற்கப்பட்டிருக்கிறது. தோட்டாவால் அதைத் தர முடியாது.

கோபத்தை வைத்துக்கொண்டு கேட்க வேண்டியவை வேறு. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்குகளை முடிந்தவரை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 35-ஆம் பிரிவே சொல்கிறது. சாட்சிகளுக்குப் பாதுகாப்புத் தரும் திட்டத்துக்கு 2018-லேயே உச்ச நீதிமன்றம் ஒப்புதல் தந்துவிட்டது. அடுத்த முறை உங்கள் கைபேசிக்கு ‘சுட்டுத் தள்ளு’ என்று ஒரு செய்தி வந்தால், அதை நாலு பேருக்கு அனுப்பாதீர்கள். உங்கள் எம்.எல்.ஏ.விடம், எம்.பி.யிடம் கேளுங்கள்: நம் மாவட்டத்தில் எத்தனை போக்சோ வழக்குகள் ஓராண்டைத் தாண்டிக் கிடக்கின்றன? எத்தனை சாட்சிகளுக்குப் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறீர்கள்? பதில் வரும்வரை விடாமல் கேளுங்கள்.