விசாரணைப் படிவமும் வியாபார நாணயமும்



கடைப்படி ஏறியவரை 'வாங்க' என்று சொல்லாமல் இருப்போமா? எங்கள் மண்டியின் இணையதளத்தில் அதுதான் நடந்தது. புதிதாக மளிகைக் கடை திறந்த வெளியூர்க்காரர் ஒருவர், பொங்கலுக்கு முன் 10 மூட்டை துவரம்பருப்புக்கு விலை கேட்டுப் படிவத்தில் எழுதியிருந்தார். அது ஸ்பேம் பெட்டியில் 3 வாரம் கிடந்தது. நாங்கள் பார்த்துப் பேசியபோது, "பெரிய மண்டி, சின்னக் கடையை மதிக்கவில்லை என்று நினைத்தேன்" என்றார். சரக்கை வேறிடத்தில் எடுத்துவிட்டார். ஒரு நிரந்தர வாடிக்கை போயிற்று.

காரணம் என்ன? படிவம் அவருடைய மின்னஞ்சல் முகவரியையே அனுப்புநராகப் போட்டது. எங்கள் சர்வரிலிருந்து அவர் பெயரில் அஞ்சல் வந்தால் போலி என்று ஒதுக்கப்படுவது இயல்பே. அனுப்புநர் நம் தளத்தின் முகவரியாகவும், பதில் முகவரி கேட்டவருடையதாகவும் இருக்க வேண்டும். தளம் அமைத்துத் தருபவரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். வரும் விசாரணைகள் தளத்திலேயே ஒரு பிரதி பதிவாகட்டும். பெயர், ஊர், செல்போன், மின்னஞ்சல், தேவையான சரக்கு ஆகிய ஐந்து கேள்விகள் போதும்.

தராசைச் சரிபார்ப்பதுபோல், வாரம் ஒருமுறை நாமே ஒரு விசாரணை அனுப்பிப் பார்ப்போம். பதில் சொல்ல ஆளில்லையென்றால் படிவத்தை எடுத்துவிட்டுத் தொலைபேசி எண்ணை மட்டும் போடுவதே நாணயம்.