இரவில் வரும் நெடிக்குச் சாட்சி யார்?

கும்மிடிப்பூண்டிச் சிப்காட்டை அடுத்து வாழும் குடும்பங்களின் முறையீடு நெடுநாளையது. நள்ளிரவில் நெடி எழுகிறது, குழந்தைகள் இருமுகின்றன. விடிந்து அதிகாரி வரும்போதோ வானம் தெளிந்திருக்கிறது. நெடியை முந்தானையில் முடிந்துவைத்துக் காட்ட முடியுமா என்று தாய்மார் நம்மைக் கேட்கின்றனர். ஓரளவு முடியும். அதற்கு மின்சாரமும் வேண்டா, காற்றை உறிஞ்சும் பம்பும் வேண்டா.

விரல் நீளப் பிளாஸ்டிக் குழாய் ஒன்று. அதன் மூடிய முனையினுள் மருந்து தோய்த்த சிறு கம்பி வலை. திறந்த வாய் கீழ்நோக்குமாறு அதைக் கம்பத்தில் கட்டிவிடுவர். மூலையில் ஏற்றிய ஊதுவத்தியின் மணம் வீடெங்கும் தானே பரவுகிறதன்றோ? அவ்வாறே நைட்ரஜன் டை ஆக்சைடு குழாயினுள் தானே பரவிச் சென்று வலையில் ஒட்டிக்கொள்கிறது. பரவும் வேகம் கணக்கில் அடங்குவது. ஆகவே இரண்டு அல்லது நான்கு வாரம் கழித்து, சேர்ந்ததை ஆய்வுக்கூடத்தில் அளந்தால் அந்நாட்களின் சராசரி கிடைத்துவிடும். 1970களில் அமெரிக்க அறிஞர் பால்ம்ஸ், தொழிலாளர் தம் உடையில் அணியுமாறு அமைத்த கருவி இது. பென்சீனுக்கும் கந்தக டை ஆக்சைடுக்கும் வேறு மருந்திட்ட குழாய்கள் உண்டு. பூச்சிக்கொல்லி ஆவிக்கோ, இரு எஃகுக் கிண்ணங்களுக்கிடையே நுரைப்பஞ்சு வட்டு. சென்னை உள்ளிட்ட நகரங்களில் 2006-07இல் இதைத் தொங்கவிட்டு ஆய்ந்தனர்.

குழாய் உறங்குவதில்லை, ஆயினும் அது நேரம் அறியாது. ஒரு மணி நேர நஞ்சை இரு வாரத்தின் 336 மணி நேரத்தில் கரைத்தே காட்டும். இக்குறையைக் கடலூர்ச் சிப்காட் மக்கள் 2004இல் வேறு வழியில் தீர்த்தனர். நெடி வந்த அக்கணமே, மூடிய வாளிக்குள் வைத்த பையில் காற்றைப் பிடித்து ஆய்வுக்கு அனுப்பினர். கலிபோர்னியாவில் 1995இல் பிறந்த முறை அது. வாளி அந்த நொடிக்குச் சாட்சி. குழாய் அந்த மாதத்துக்குச் சாட்சி. நம் ஊர்களுக்கு இரண்டும் தேவை என்பதே நம் எண்ணம்.

பழைய பேட்டரியை உருக்குமிடத்து ஈயத்தூளை இக்குழாய் பிடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது தூசி, காற்றை உறிஞ்சி வடிகட்டும் பொறியே அதற்கு ஏற்றது.

குழாய் கட்டுவோர் ஒன்றை ஆலைப்பக்கத்துத் தெருவிலும், மற்றொன்றைப் புகை எட்டாத சிற்றூரிலும் கட்டுக. ஒப்பிடாத எண் பேசாது. நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு 2009இல் அரசு வகுத்த ஆண்டுச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். நெடி வந்த நாளையும் மணியையும் காற்றின் திசையையும் வீட்டு நோட்டில் குறித்துவருதல் பெண்மக்களால் இன்றே தொடங்கத்தக்கது.