சல்லடையின் கண்ணையும் சொல்லுங்கள்

இடியாப்பத்திற்கு மாவு சலிப்பவர் நுண்ணிய கண் உள்ள சல்லடையை எடுப்பார். புட்டுக்குச் சற்றுப் பெரிய கண் போதும். எந்தச் சல்லடை என்பது சலிப்பவருக்குத் தெரியும். சலித்த மாவை மட்டும் காண்பவருக்கு அது தெரியாது. இன்று கணிப்பொறியில் வரையப்படும் நிலப்படங்கள் பலவும் சலித்த மாவைப் போன்றவையே. அவற்றின் அடியில் சல்லடையின் கண்ணையும் குறிப்பிடுதல் வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை மாணவர்களாகிய உங்கள் முன் வைக்கிறேன்.

கியூ.ஜி.ஐ.எஸ். என்பது விலையின்றிக் கிடைக்கும் ஒரு நிலப்பட மென்பொருள். 2002-இல் கேரி ஷெர்மன் என்பவர் இதனைத் தொடங்கினார். இதில் ஆறுகள், ஊர்கள், நிலநடுக்கங்கள் என ஒவ்வொன்றும் தனித்தனி அடுக்காக அமையும். அடுக்கில் நாம் காணும் ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால், ஓர் அட்டவணையில் ஒரு வரிசை உண்டு. நிலநடுக்கமாயின் நிகழ்ந்த நேரம், இடம், ஆழம், அளவெண் ஆகிய பண்புகள் அவ்வரிசையில் இருக்கும். 'ஆழம் > 300' என்று ஒரு நிபந்தனை எழுதினால், அதற்குப் பொருந்தும் புள்ளிகள் மட்டுமே திரையில் நிற்கும். மற்றவை அழிவதில்லை, மறைகின்றன. நிபந்தனையை நீக்கினால் மீண்டும் தோன்றும். அடுக்கின் பெயருக்கு அருகே சிறிய புனல் போன்ற குறி ஒன்று இருக்கும். அடுக்கு வடிகட்டப்பட்டுள்ளது என்பதற்கு அதுவே அடையாளம்.

இக்கருவியின் ஆற்றல் பெரிது. அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறை உலக நிலநடுக்கப் பட்டியலை யாவரும் பெறும்படி வழங்குகிறது. அதனை அடுக்காக ஏற்றினால், பசிபிக் கடலைச் சுற்றிலும் புள்ளிகள் ஈக்கள் போல் மொய்த்திருக்கும். இப்போது 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழம் என்ற நிபந்தனையை இடுங்கள். பெரும்பாலான புள்ளிகள் மறைந்துவிடும். ஜப்பானின் கிழக்குக் கரையை ஒட்டிய கூட்டம் காணாமற் போகும். மேற்கே ஜப்பான் கடலின் பக்கத்தில் சில புள்ளிகள் எஞ்சி நிற்கும். கிழக்கே ஆழம் குறைவு, மேற்கே செல்லச் செல்ல ஆழம் மிகுதி. இதன் பொருள் என்ன? பசிபிக் தட்டு ஜப்பானுக்கு அடியில் சாய்வாக இறங்கிக்கொண்டிருக்கிறது என்பதே. ஜப்பானிய அறிஞர் கியோ வடாட்டி 1928 முதல் வெளியிட்ட ஆய்வுகளில் ஆழ்ந்த நிலநடுக்கங்களைப் பிரித்துக் காட்டினார். பின்னர் அமெரிக்காவின் ஹியூகோ பெனியாஃப் அதனை விரிவாக்கினார். அச்சாய்வுப் பகுதிக்கு இருவர் பெயரும் வழங்குகிறது. அவர்கள் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டுக் கண்டதை நீங்கள் ஒரே வரி நிபந்தனையில் காணலாம்.

இனி, இடருக்கு வருவோம். ஆபத்தான நிலநடுக்கங்களைக் காட்டும் படம் வேண்டும் என்று ஒருவர் 'அளவெண் 7 அல்லது அதற்கு மேல்' என வடிகட்டுகிறார் எனக் கொள்வோம். 2001 ஜனவரி 26-இல் குஜராத்தில் நேர்ந்த பூஜ் நிலநடுக்கம் படத்தில் இருக்கும். ஆனால் 1993 செப்டம்பர் 30-இல் மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் நேர்ந்தது இராது. அதன் அளவெண் 6.2 மட்டுமே. ஏறத்தாழ 10,000 பேர் மாண்ட நிகழ்ச்சி அது. 1967-இல் நேர்ந்த கொய்னா நிலநடுக்கமும் மறைந்துவிடும். தக்காணம் வெறுமையாகத் தோன்றும். படத்தைப் பார்ப்பவர், 'இங்கு நிலம் நடுங்காது' என்று நம்பி வீடு கட்டுவார்.

அதே படத்தில் 2018 ஆகஸ்ட் 19-இல் ஃபிஜித் தீவுகளுக்கு அருகே நேர்ந்த 8.2 அளவெண் நிலநடுக்கம் பெரிய புள்ளியாக நிற்கும். அது சுமார் 600 கிலோமீட்டர் ஆழத்தில் நேர்ந்ததால் பேரழிவு எதனையும் விளைவிக்கவில்லை. கில்லாரியிலோ நடுக்கம் மிகக் குறைந்த ஆழத்தில் தோன்றியது. விடியுமுன், கனத்த கல்லும் மண்ணும் கொண்டு எழுப்பிய வீடுகளுக்குள் மக்கள் உறங்கிக்கொண்டிருந்தனர். கணிப்பொறி தவறு செய்யவில்லை. கேட்ட கேள்விக்கு விடை தந்தது. நாம்தான் அழிவைப் பற்றிக் கேட்பதாக எண்ணிக்கொண்டு, அளவெண்ணைப் பற்றிக் கேட்டுவிட்டோம்.

மற்றொரு சோதனை செய்து பாருங்கள். 'ஆழம் = 10' என்று வடிகட்டினால் புள்ளிகள் குவியும். 10 என்ற எண்மீது இயற்கைக்குத் தனிப் பற்று ஒன்றும் இல்லை. அருகில் பதிவு நிலையங்கள் போதாமல் ஆழத்தைச் சரியாகக் கணிக்க இயலாதபோது, பட்டியலில் 10 என்றே இடுவது ஒரு வழக்கம். முன்பு 33 என இடும் வழக்கமும் இருந்தது. இதனை அறியாதவர், 'நிலநடுக்கங்கள் 10 கிலோமீட்டர் ஆழத்தையே விரும்புகின்றன' என்று புதுக் கொள்கை எழுதிவிடக்கூடும்!

வெற்றிடங்களும் ஏமாற்றும். 'பதிவு நிலையங்கள் 20-க்கு மேல்' என ஒரு முறையும், '20 அல்லது அதற்குக் கீழ்' என மறுமுறையும் வடிகட்டி, இரு எண்ணிக்கைகளையும் கூட்டுங்கள். மொத்தத்தைவிடக் குறைவாக இருந்தால், அந்தப் பண்பு பதியப்படாத வரிசைகள் இரு முறையும் விழுந்துவிட்டன என்று பொருள்.

'எல்லாவற்றையும் காட்டினால் படம் குழம்பிவிடுமே' என்று சிலர் கூறலாம். உண்மைதான். வடிகட்டவே கூடாது என்று நான் கூறவில்லை. ஆய்வுக்கூடத்தில் வெர்னியர் அளவியின் மீச்சிற்றளவை எழுதாமல் அளவீட்டை மட்டும் எழுதினால் ஆசிரியர் ஏற்பாரா? நிலப்படத்திற்கும் அதே ஒழுங்கு வேண்டும் என்றுதான் கூறுகிறேன்.

ஆகவே, படம் வரையுமுன் உங்கள் கேள்வியை ஒரு தாளில் எழுதுங்கள். வரைந்தபின் நிபந்தனையைப் படத்தின் அடியிலேயே எழுதுங்கள். எத்தனை புள்ளிகள் நின்றன, எத்தனை மறைந்தன என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பிறர் வரைந்த படத்தில் இவை இல்லையெனில், தயங்காமல் கேளுங்கள். கில்லாரி இருக்க வேண்டிய இடம் ஒரு படத்தில் வெறுமையாக இருந்தால், அங்கு நிலம் அமைதியாக இருந்ததா, அல்லது யாரோ சலித்துவிட்டார்களா என்பதை அப்போதுதான் அறிய முடியும்.