பிள்ளை சொல்லும் சாட்சி



ஆரணி நெசவாளர் வீடுகள் பலவற்றில் தறி போட்டிருக்கும் கூடத்தில்தான் பிள்ளைகள் படிப்பதும் உறங்குவதும். பெரியவர்களின் பேச்சும் சண்டையும் அவர்களுக்குத் தெரியாமல் நடப்பதில்லை. ஆனால் ஒரு பிள்ளை குற்றம் ஒன்றை நேரில் பார்த்துவிட்டால், "சின்னப்புள்ள பேச்சு கோர்ட்ல நிக்காது" என்று கையை விரித்துவிடுகிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கேள்வி புரிந்து, பொருத்தமாகப் பதில் சொல்லத் தெரிந்தால் எந்த வயதிலும் சாட்சி சொல்லலாம். 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்திலும் அப்படியே இருக்கிறது.

மேல்முறையீட்டில்தான் சிக்கல் வருகிறது. அங்கே இருக்கும் நீதிபதிகள் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதில்லை. கீழ் நீதிமன்றம் எழுதிவைத்த காகிதத்தைத்தான் படிக்கிறார்கள். அதனால்தான் சாட்சியத்துக்கு முன், பிள்ளைக்கு விவரம் புரிகிறதா என்று விசாரணை நீதிபதி சில கேள்விகள் கேட்டு, தன் கருத்தையும் பதிவு செய்ய வேண்டும். 2023 ஜூலையில் ஹரியானா கொலை வழக்கு ஒன்றில் அந்தக் கேள்விகள் மேலோட்டமாக இருந்ததை உச்ச நீதிமன்றம் குறையாகச் சுட்டியது. சிறுவனின் சாட்சியத்தை நம்பித் தந்த தண்டனை ரத்தானது.

2025 பிப்ரவரியில் வந்த மத்தியப் பிரதேசத் தீர்ப்பு வேறு விதம். தாயைத் தந்தை கொன்றதை ஏழு வயது மகள் பார்த்திருந்தாள். அவள் வாக்குமூலம் பதினெட்டு நாள் தாமதமாகப் பதிவானதால், யாரோ சொல்லிக்கொடுத்திருக்கலாம் என்று சந்தேகப்பட்டு உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்தது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பர்திவாலா, மனோஜ் மிஸ்ரா அமர்வு அதை ஏற்கவில்லை. தாமதம் ஒன்றே காரணமாகாது, சொல்லிக்கொடுத்ததற்கு ஆதாரம் வேண்டும் என்றது. இரவோடு இரவாக உடலை எரித்ததையும் கணக்கில் எடுத்து, விசாரணை நீதிமன்றம் தந்த தண்டனையை மீண்டும் நிலைநாட்டியது. சம்பவம் நடந்தது 2003இல். அந்தச் சிறுமியின் சொல் நிலைபெற இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று என்பதுதான் என்னை வருத்துகிறது.

இரண்டு தீர்ப்பும் பார்ப்பது ஒன்றைத்தான்: சொல் பிள்ளையுடையதா, பெரியவர்களுடையதா? பாசத்தில் நாம் செய்கிற ஒத்திகைதான் பிள்ளையின் உண்மையைக் கெடுக்கிறது. ஆகவே வாசகர்களே, குற்றம் ஒன்றைப் பார்த்த பிள்ளை உங்கள் தெருவில் இருந்தால் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள், செல்போனில் படம் பிடிக்காதீர்கள், இப்படிச் சொல் என்று பழக்காதீர்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தகவல் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்