மீத்தேனைப் பிளப்போம், கணக்கைக் கார்பனிலிருந்து தொடங்குவோம்

ஹைட்ரஜன் என்று பேச்செடுத்தால் தண்ணீரை மின்சாரத்தால் பிரிப்பதோடு நின்றுவிடுகிறோம். 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 19,744 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்த பசுமை ஹைட்ரஜன் இயக்கமும், 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்ற அதன் இலக்கும் பெரும்பாலும் அந்த வழியையே நம்பியிருக்கின்றன. தூத்துக்குடி போன்ற துறைமுகங்களுக்கு அது பொருந்தலாம். ஈரோடு, நாமக்கல், சேலம் பக்கத்துக்கு இன்னொரு வழி உண்டு. மீத்தேனை வெப்பப் பிளாஸ்மாவில் பிளந்து ஹைட்ரஜனையும் திடக் கார்பனையும் தனித்தனியே எடுப்பது அது. அதைச் சிறிய அளவிலாவது இங்கே சோதித்துப் பார்க்க வேண்டும். அப்படிச் சோதிக்கும்போது கார்பனை முதல் சரக்காகவும் ஹைட்ரஜனை உடன் வரும் வரவாகவும் வைத்துக் கணக்குப் போட வேண்டும்.

கிராஃபைட் மின்முனைகளுக்கு நடுவே மின்வில்லை மூட்டி, வாயுவைக் காற்றுப் படாமல் அந்தப் பிளாஸ்மாச் சூட்டுக்குள் செலுத்தினால் மீத்தேன் உடைகிறது. ஆக்சிஜன் இல்லாததால் கார்பன் டை ஆக்சைடு உண்டாக வழியில்லை; கார்பன் கறுப்புத் தூளாகப் படிகிறது. 4 கிலோ மீத்தேனில் 1 கிலோ ஹைட்ரஜன், 3 கிலோ கார்பன். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு நடைமுறையில் 10 முதல் 25 யூனிட் வரை மின்சாரம் ஆகும். தண்ணீரைப் பிரித்தால் 50 யூனிட்டுக்கு மேல். நார்வேயின் குவார்னர் நிறுவனம் உருவாக்கிய இந்த முறையில் கனடாவின் மாண்ட்ரியல் அருகே 1999-ல் ஓர் ஆலை தொடங்கப்பட்டு, 2003-ல் மூடப்பட்டது. பிறகு மோனோலித் என்ற அமெரிக்க நிறுவனம் நெப்ராஸ்கா மாநிலத்து ஹாலமில் ஆலை கட்டியது. அதன் கார்பனைக் கொண்டு குட்இயர் டயர் செய்தது. ஆனால் அந்த நிறுவனமும் பின்னர் பண நெருக்கடியில் சிக்கியது. கார்பன் உலைச் சுவரில் படிந்து அடைக்கும், மின்முனை தேயும், தூளின் துகள் அளவு சற்று மாறினாலும் டயர் நிறுவனம் வாங்காது. இந்தத் தொழிலின் கஷ்டமெல்லாம் பெரும்பாலும் கார்பன் பக்கத்தில்தான்.

கொங்கு மண்டலத்தில் இதற்கு என்ன இருக்கிறது? ஜவ்வரிசி ஆலைகளின் கழிவுநீர்க் குளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மேலே விரித்த கறுப்பு ஷீட் உப்பி நிற்கும். அடியில் நிறைந்திருப்பதில் பாதிக்கு மேல் மீத்தேன். நாமக்கல் கோழிப்பண்ணை எரு, ஆப்பக்கூடல், சத்தியமங்கலம் சர்க்கரை ஆலைகளில் சாறு வடிகட்டியபின் மிஞ்சும் பிரஸ்மட் எல்லாமே மீத்தேன் தருபவை. நாமக்கல் மாவட்டம் புதுச்சத்திரத்தில் இப்படிப்பட்ட கழிவிலிருந்து வாயு எடுத்து, சுத்திகரித்து, அழுத்தி விற்கும் ஆலை ஏற்கெனவே இருக்கிறது. சுத்திகரிப்பு இங்கே முக்கியம். கழிவு வாயுவில் கலந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு உலைக்குள் போனால் உண்டான கார்பனையே தின்றுவிடும். மின்சாரத்துக்குப் பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் உண்டு. கோவை பாரதியார் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் பிளாஸ்மா டார்ச் ஆய்வு நெடுநாளாக நடந்திருக்கிறது. கார்பன் தூள் தேவைப்படும் டயர் ரீட்ரெடிங் கடைகளும் லாரிப் பட்டறைகளும் நிறைந்த ஊர்கள் இவை.

‘வாயுவை அப்படியே எரித்தால் போதாதா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மீத்தேனின் எரிசக்தியில் ஏறக்குறைய 64 விழுக்காடுதான் ஹைட்ரஜனில் வந்து சேரும். மீதி கார்பனோடு போய்விடும். கொதிகலனுக்குச் சூடுதான் வேண்டுமென்றால் எரித்துவிடுவதே சரி. ஆனால் டயருக்குக் கார்பன் பிளாக் எனும் கறுப்புத் தூள் கட்டாயம் வேண்டும். அதை இன்று கனமான எண்ணெயை அரைகுறையாக எரித்துச் செய்கிறார்கள். ஒரு கிலோவுக்கு இரண்டு, மூன்று கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. ஜவ்வரிசிக்கான மரவள்ளியும் கோழித் தீவனமான மக்காச்சோளமும் காற்றிலிருந்து எடுத்த கார்பன் அந்த இடத்தில் போய் உட்கார்ந்தால் இரட்டை லாபம். அந்த டயரைப் பின்னாளில் செங்கல் சூளையில் எரித்தால் லாபம் பாதி போய்விடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த கேள்வி, இதில் சலுகையே காட்டக் கூடாது. நம் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 15 யூனிட் என்றால் 10 கிலோ ஆகிவிடுகிறது. இயற்கை வாயுவை நீராவியால் சீர்திருத்தும் பழைய முறையும் அதே அளவைத்தான் வெளியிடுகிறது. 2023 ஆகஸ்டில் மத்திய அரசு வகுத்த பசுமை ஹைட்ரஜன் வரையறையோ 2 கிலோவுக்கு மேல் அனுமதிப்பதில்லை. ஆகவே காற்றும் வெயிலும் தரும் மின்சாரம் இல்லாமல் இந்த யோசனைக்கு அர்த்தமே இல்லை. குழாயில் வரும் இயற்கை வாயுவையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய் விளைநிலத்தின் வழியே போவதை எதிர்த்துக் கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்ட உழவர்கள் போராடினார்கள். 2016-ல் உச்ச நீதிமன்றம் குழாய் பதிக்க அனுமதித்தது. அந்தக் காயம் இருக்கும் இடத்தில் புதிய தேவையொன்றைக் காட்டிக் குழாய்க்கு வலு சேர்க்கக் கூடாது. தவிர, கிணற்றிலும் குழாயிலும் கசியும் மீத்தேன், 20 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். எருவிலும் கழிவுநீரிலும் தானாகக் கசியும் மீத்தேனைப் பிடிப்பதோ நேரடி நன்மை.

நாட்டின் இலக்கு முழுவதையும் இப்படியே எட்டலாம் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். 50 லட்சம் டன் ஹைட்ரஜனோடு ஒன்றரைக் கோடி டன் கார்பன் வந்து குவியும். உலகம் முழுவதும் ஓராண்டில் வாங்கும் கார்பன் பிளாக்கே ஏறக்குறைய அவ்வளவுதான். சந்தை தாங்காது. இது வட்டார அளவிலான தொழில், அந்த அளவுக்குள்தான் இதற்கு மதிப்பு. நாளொன்றுக்கு 4 டன் மீத்தேன் எடுத்து 3 டன் கார்பன் தரும் ஒரு சோதனை உலையைப் புதுச்சத்திரம் போன்ற ஓர் ஆலையின் பக்கத்தில் மாநில அரசு நிறுவட்டும். யூனிட் கணக்கு, மின்முனைத் தேய்மானம், வாயுக் கசிவு ஆகியவற்றை மாதந்தோறும் வெளியிடட்டும். அரக்கோணத்திலும் ஒரகடத்திலும் இருக்கும் டயர் ஆலைகளுக்குத் தூளின் மாதிரியை முதல் மாதமே அனுப்பி, வாங்குவார்களா மாட்டார்களா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே அடுத்த உலைக்குப் பணம் ஒதுக்கட்டும்.