கோபுரம் மட்டுமா வரலாறு?



வரலாற்றுச் சின்னம் என்றதும் மனக்கண்முன் வந்து நிற்பன எவை? வானளாவும் கோபுரம், மன்னன் கட்டிய மாளிகை, இடிந்தும் இறுமாப்புக் குறையாத கோட்டை மதில். விருதுநகர் மாவட்டத்தாரைக் கேட்டால் திருவில்லிபுத்தூர்க் கோபுரத்தைக் காட்டுவர். காட்டட்டும், தகும். ஆனால் இன்றைய விருதுநகரையும் சிவகாசியையும் ஆக்கியவன் மன்னனல்லன். வானம் பார்த்த கரிசலை மட்டும் நம்பியிராமல் வணிகத்திலும் தொழிலிலும் கால்வைத்த எளியவன். அவன் எழுப்பிய கட்டடங்களைக் காப்பார் யார்?

விருதுநகர்ச் சத்திரிய வித்தியாசாலை, வீடுதோறும் உலையிலிடுமுன் எடுத்துவைத்த பிடி அரிசியால் வளர்ந்த பள்ளி. கோயிலுக்குள் நுழையாதே என்று தடுக்கப்பட்ட மக்கள், கைப்பிடி அரிசியைக் கல்விக்கூடமாக்கிக் காட்டினர். காமராசர் படித்தது அங்கேதான். அவருடைய சிறு வீடு இன்று அரசின் நினைவில்லம். வியப்பதற்கு அங்கே தூணுமில்லை, சிற்பமுமில்லை. இத்துணைச் சிறு வீட்டிலிருந்தா ஒன்பதாண்டு நாடாண்டவர் வந்தார் என்ற வியப்பே போதும்.

அதே ஊரின் தேசபந்து திடலுக்குக் கட்டடச் சிறப்பு என்ன உண்டு? ஒன்றுமில்லை. ஆயினும் தமிழ்நாடு எனப் பெயர் வேண்டி 1956இல் தியாகி சங்கரலிங்கனார் 76 நாள் உண்ணாநோன்பிருந்தாரே, அந்நோன்பைக் கண்ட மண் அது. அக்டோபர் 13இல் அவர் உயிர் பிரிந்தது. 1967 சூலை 18இல் அண்ணாவின் ஆட்சியில் பேரவை அப்பெயரை ஏற்றது.

சிவகாசிக்கு வருவோம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பி நூறாண்டு ஆகிறது. முதற்கொட்டகைகள் எங்கே? படச்சீட்டு அச்சிட்ட பழைய அச்சுக்கூடங்கள் எங்கே? 1958ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டம் நூறாண்டு நிறைந்தவற்றையே தொன்மைச் சின்னம் என்கிறது. நூறு நிறையும் வரை காத்திருக்குமா கடப்பாரை? மரபுரிமை ஆணையத்துக்கென 2012இல் தமிழகம் சட்டம் இயற்றிற்று. நடைமுறைக்கு வந்ததோ 2024இல்!

“ஆளைக் கொன்ற கூரையையா காப்பது?” என்று கேட்பீர். நியாயமான கேள்வி. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் வெடித்த ஆலையை எவர் மறப்பார்? பாதுகாப்பற்ற கொட்டகையில் இனி ஒரு நாளும் வேலை நடத்தலாகாது. நான் கேட்பது வேறு: வேலை நின்றுபோன பழங்கொட்டகை ஒன்றையேனும் காட்சியகமாக்குக. அங்கே முதலாளியின் முயற்சியைச் சொல்லுக. குச்சி அடுக்கித் தேய்ந்த சிறுவர் விரல்களையும், வெடியில் மாண்டவர்களையும் மறைக்காமல் சொல்லுக.

இலண்டனில் 1888இல் தீப்பெட்டித் தொழிற்பெண்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுக்காக எழுதுகோல் எடுத்தவர், பின்னாளில் நம் அடையாற்றில் வாழ்ந்த அன்னி பெசன்ட் அம்மையாரே. அந்த ஆலைக் கட்டடம் இன்றும் நிற்கிறது, குடியிருப்பாக. அப்பெண்களின் போராட்டத்தைக் கூறும் நீலநிறப் பலகை 2022இல் அங்கே பதிக்கப்பட்டது. பதிக்க நூற்றாண்டுக்கு மேலாயிற்று என்பது வேறு செய்தி. சுவர் நின்றதால்தான் பதிக்க இடமிருந்தது.

சிவகாசி, சாத்தூர், விருதுநகர்க் கிளைத் தோழர்களே! உங்கள் ஊரின் பழம்பள்ளி, பண்டகசாலை, அச்சகம், தீப்பெட்டிக் கொட்டகை ஆகியவற்றை இம்மாதமே பட்டியலிடுங்கள். அங்கு வேலை பார்த்த முதியவர்கள் சொல்வதை உடனிருந்து எழுதிக்கொள்ளுங்கள். படியொன்றை மாவட்ட ஆட்சியரிடமும், மற்றொன்றை மரபுரிமை ஆணையத்திடமும் சேர்ப்பித்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கி வையுங்கள்.